முதல் ரிக்வெஸ்ட் மட்டும் ஏன் இழுக்குது? நெட்வொர்க்கைத் திட்டும் முன் பார்க்க வேண்டியவை

ஆப்பைத் திறந்ததும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். முதல் பக்கம் வந்துவிட்டால், அடுத்தடுத்த பக்கங்கள் சட்டென்று வந்து விழும். ‘நெட்வொர்க் சரியில்லப்பா’ என்பதுதான் பலரின் தீர்ப்பு. ஆனால் நெட்வொர்க்தான் காரணம் என்றால், எல்லா ரிக்வெஸ்ட்டும்தானே இழுக்கணும்?

சில நொடிகள்தானே, என்ன பிரச்சினை?

புறநகர் ரயிலுக்கான காகிதமில்லா மொபைல் டிக்கெட் சென்னையில் தொடங்கியது 2015 ஏப்ரலில், எழும்பூர் – தாம்பரம் தடத்தில். ஸ்டேஷனுக்கு ஓடிக்கொண்டே டிக்கெட் எடுப்பவருக்கு அதுதான் அன்றைய முதல் ரிக்வெஸ்ட். அது வரும்வரை ரயில் நிற்காது. டிக்கெட் இல்லாமல் ஏறி மாட்டினால், கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் கட்டணும். எந்த ஆப்பாக இருந்தாலும், ஒரு வேலைக்காகத் திறந்து உடனே மூடுபவருக்கு முதல் அழைப்பின் வேகம்தான் வேகம்.

முதல் அழைப்பில் மட்டும் என்ன கூடுதல் வேலை?

முதலில் இணையதளத்தின் பெயரை வைத்து ஐபி முகவரியைத் தேட வேண்டும். பிறகு சர்வரோடு இணைப்பு ஏற்படுத்தி, ரகசியக் குறியாக்கத்துக்கு இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் உண்மையான கேள்வியே போகும். பழைய டிஎல்எஸ் 1.2 முறையில், முகவரி தேடுவதைச் சேர்க்காமலே, பதில் வருவதற்குள் நான்கு முறை போய் வர வேண்டும். 2018-இல் வந்த டிஎல்எஸ் 1.3-இல் மூன்று முறை போதும். திறந்திருக்கும் இணைப்பில் போகும் அடுத்த அழைப்புக்கு ஒரே முறைதான்.

இதில் தூரமும் சேரும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். சர்வர் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருந்தால், ஒருமுறை போய் வரவே குறைந்தது 135 மில்லி செகண்ட். நான்கு முறை என்றால் அரை நொடிக்கு மேல்.

இன்னொரு காரணம், தூங்கும் சர்வர். காலையில் டீக்கடையில் முதல் டீக்கு அடுப்பு பற்றவைத்து, பால் காய வேண்டும். இரண்டாவது டீ உடனே வரும். சர்வரும் அப்படித்தான். மைக்ரோசாஃப்ட்டின் ஐஐஎஸ் சர்வரில், வழக்கமான செட்டிங்கில், 20 நிமிடம் யாரும் வராவிட்டால் அப்ளிகேஷன் மூடப்பட்டுவிடும். அடுத்து வருபவருக்காக அது முதலிலிருந்து எழ வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

அரை மணி நேரம் யாரும் தொடாத தளத்தைப் புது விண்டோவில் திறங்க. குரோம் டெவ்டூல்ஸில் ‘நெட்வொர்க்’ போய், முதல் ரிக்வெஸ்ட்டின் ‘டைமிங்’ பாருங்க. ‘டிஎன்எஸ் லுக்அப்’, ‘இனிஷியல் கனெக்‌ஷன்’ பட்டைகள் நீளமா? சிக்கல் வழியில். ‘வெயிட்டிங்’ பட்டை மட்டும் நீளமா? பெரும்பாலும் சர்வரில். உடனே மறுபடி லோடு செய்யும்போது அது சுருங்கினால், சர்வர் தூங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

யார் சரிசெய்வது?

ஆபீஸ் வைஃபையில், ஏற்கெனவே விழித்திருக்கும் சர்வரில் பத்தாவது முறை டெஸ்ட் செய்தால் எல்லாம் பறக்கும். சராசரியும் ஏமாற்றும். 100 அழைப்பில் 99 அழைப்புக்கு 0.2 நொடி, ஒன்றுக்கு 5 நொடி என்று வைத்துக்கொள்வோம். சராசரி கால் நொடிதான்! அந்த 5 நொடி ரிப்போர்ட்டில் காணாமல் போகும்; காத்திருந்தவருக்கு மட்டும் தெரியும்.

தீர்வுகள் புதிதல்ல: சர்வரை விழிப்பில் வைப்பது, இணைப்பை முன்கூட்டியே திறப்பது, சர்வரைப் பயனரின் அருகே கொண்டுவருவது. சர்வரை விழிப்பில் வைக்கக் கொஞ்சம் பணம் செலவாகும். அதை மிச்சம் பிடித்தால், பயனர்தான் தன் நேரத்தால் கட்டுகிறார். எனவே தாம்பரம் மெப்ஸ் முதல் ஓஎம்ஆர் வரை உள்ள டெவலப்பர் டீம்கள் முதல் ரிக்வெஸ்ட்டைத் தனியாக அளக்க வேண்டும். ‘உங்க நெட்வொர்க்கைச் செக் பண்ணுங்க’ என்று சொல்வது அதற்குப் பிறகு இருக்கட்டும்.