நோயாளியின் வாய்ப்பூட்டு

நிறுவையில் ஏமாற்றிய கடைக்காரனைக் குற்றஞ்சாட்டியவன் மறுநாள் வேறு கடைக்குப் போகலாம். வைத்தியசாலை விடுதியிற் படுத்திருப்பவனோ, எவர்மீது முறையிடுகிறானோ அவர் கையாலேயே அன்றிரவும் மருந்து வாங்கியாக வேண்டும். அழைத்தால் வருவார்களோ, வலிக்கு ஊசி போடத் தாமதிப்பார்களோ, குணமாகுமுன் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற ஐயமே அவன் வாய்க்குப் பூட்டாகிறது. பழிவாங்கல் உண்மையில் நிகழ வேண்டுமென்பதில்லை. நிகழக்கூடும் என்ற எண்ணமே போதும்.

இவ்வச்சம் பாமரரின் அறியாமை என்று தட்டிக்கழிப்போர் இங்கிலாந்தைப் பார்க்கட்டும். அங்கே ஸ்டஃபோர்ட் நகர வைத்தியசாலையில் 2005 முதல் 2009 வரை நோயாளர் பட்ட அவலங்களைப் பகிரங்க விசாரணையொன்று 2013இல் விரிவாக வெளிப்படுத்தியது. அதே ஆண்டில், அந்நாட்டு வைத்தியசாலைகள் முறைப்பாடுகளைக் கையாளும் விதத்தை ஆராய்ந்த அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் ஆன் குளூயிட்டும் பேராசிரியர் திரிசியா ஹாட்டும், முறையிட்டால் சிகிச்சை கெடும் என்ற பயம் நோயாளரைத் தடுப்பதை எடுத்துக்காட்டினர். கற்றோர் நிறைந்த நாட்டிலேயே இந்நிலையென்றால், நம் கிராமத்து முதியவளின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

நம் நாட்டில் வழிகள் இல்லாமலில்லை. அரசாங்க வைத்தியசாலையில் அடிப்படை உரிமை மீறப்பட்டால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றம் செல்லலாம். ஆனால், ஒரு மாதத்துள் மனுச் செய்தல் வேண்டும். கட்டிலிற் கிடப்பவன் எழுந்து நடக்குமுன் அத்தவணை கழிந்துவிடும். அம்மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, அங்கு விசாரணை நடைபெறும் காலம் கணக்கிற் சேராது. நோயாளரின் உறவினர் இதனை அறிந்திருத்தல் நன்று. ஆயினும் இவையெல்லாம் தீங்கு நேர்ந்தபின் தேடும் பரிகாரங்கள். இன்றிரவு கட்டிலருகே காவல் நிற்பது எது?

தாதியரையும் சிற்றூழியரையும் பகைப்பது நம் நோக்கமன்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அடுத்து வைத்தியர் பலர் நாட்டைவிட்டு அகன்றனர். எஞ்சியோரின் சுமை பெரிது. அந்த ஆட்பற்றாக்குறையை மேலிடத்துக்கு உணர்த்தவல்லதும் நோயாளியின் முறைப்பாடே. அதை அடக்கினால் இரு சாராருக்கும் நட்டம்.

ஆகவே, சுகாதார அமைச்சிடம் நாம் கோருவன மூன்று. முறைப்பாட்டை ஏற்பவர் அவ்வைத்தியசாலையின் அதிகாரத்துக்கு உட்படாதவராக இருத்தல் வேண்டும். முறைப்பாடு, சிகிச்சைக் குறிப்புகளோடு சேராது தனியே பேணப்படல் வேண்டும். முறையிட்டவரைப் பழிவாங்குதல், முதலிற் கூறிய குற்றம் மெய்ப்பிக்கப்படாவிடினும், தனிக் குற்றமாகத் தண்டிக்கப்படல் வேண்டும்.

இலவச வைத்தியம் மக்களின் வரிப்பணத்தால் நடப்பது. அதைப் பெறுபவன் வாய்திறக்க அஞ்சும் வரை, உரிமையென நாம் பெருமை பேசுவது வெறும் தயவாகவே இருக்கும்.