நாளைய நூறு ரூபாய்க்கு இன்று என்ன விலை?



தள்ளுபடி என்றதும் ஆடி மாத ஜவுளிக்கடைதான் நம் ஞாபகத்துக்கு வரும். வங்கித் தள்ளுபடி வேறு. மூன்று மாதம் கழித்து 100 ரூபாய் பெறும் மாற்றுச்சீட்டைக் கொடுத்தால், வங்கி மூன்று ரூபாயைப் பிடித்துக்கொண்டு இன்றே 97 ரூபாய் தருகிறது என்று வையுங்கள். அந்த மூன்று ரூபாய், காத்திருப்பதற்கான கூலி. இத்தகைய சீட்டுகளை ரிசர்வ் வங்கி மறுதள்ளுபடி செய்யும் வீதத்தையே 1934-ஆம் ஆண்டுச் சட்டம் ‘வங்கி வீதம்’ என்கிறது. நாளை வரும் பணத்தின் இன்றைய மதிப்பைக் கணக்கிடுவதும் ஒரு தள்ளுபடி வீதத்தை வைத்துத்தான்.

பேச்சிப்பாறையில் ரப்பர் நட்டால் பால் எடுக்க ஏழு வருடம் ஆகும். அப்போது வரும் 100 ரூபாய், 10 சதவீதக் கணக்கில் இன்றைக்கு 51 ரூபாய். நூற்றுக்கு மாதம் ரெண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினவருக்கோ, 24 சதவீதக் கணக்கில், வெறும் 22 ரூபாய்! மரம் ஒன்றுதான். காத்திருக்க வசதி இல்லாதவருக்கு அதன் மதிப்பு பாதிகூட இல்லை. “ஏழு வருசம் அடுப்பு எரியாண்டாமா மக்கா?” என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டதும் இந்தக் கணக்கைத்தான்.

நம் அணையை எடுத்துக்கொள்ளுங்கள். பொறியாளர் மிஞ்சினைக் கொண்டு திருவிதாங்கூர் அரசு 1897-ல் தொடங்கி 1906-ல் முடித்தது. ஐம்பது வருடம் கழித்து, 1956-ல், குமரி தமிழ்நாட்டோடு இணைந்தது. அந்த வருடம் இந்தத் தண்ணீரில் விளைந்த 100 ரூபாய் நெல்லுக்கு, 1906-ல் உட்கார்ந்து 10 சதவீதத்தில் கணக்குப் போட்டால் மதிப்பு 85 காசு! 3 சதவீதம் என்றால் சுமார் 23 ரூபாய். அதே அணை, அதே நெல், வீதம்தான் வேறு.

வியாபாரக் கடனுக்கு வங்கியின் வீதம் சரி. பிறக்காத பிள்ளைகளும் குடிக்கப்போகும் தண்ணீருக்கு அதே வீதத்தைப் போடுவது தவறு என்பது என் கருத்து. சிறு ரப்பர் விவசாயிக்கும் குறைந்த வட்டியில் கடன் கொடுத்து, பால் வடிந்த பிறகே தவணை கேட்க வேண்டும்.

நாளை நாமும் அணைக்கும் பாலத்துக்கும் மதிப்பீடு போடுவோம். சிமெண்ட், கம்பி விலையோடு தள்ளுபடி வீதத்தையும் கேட்டுப் பார்ப்போம். எத்தனை சதவீதம்? யார் முடிவு செய்தது?