சட்டம் மலையேறுமா?

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் வீதி நோர்வூட்டில் பிரிந்து, ஒரு கிளை மஸ்கெலியாவுக்கும் மற்றொரு கிளை பொகவந்தலாவைக்கும் செல்கின்றது. அவ்வீதிகளின் மருங்கிலுள்ள மலைச்சரிவுகளிலே லயங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. வீதிக்கும் லயத்துக்கும் இடையே கிடப்பவை மண்ணை வெட்டியமைத்த படிகளும் மழை அரித்த ஒற்றையடிப் பாதைகளுமே. கால் வழங்காத தொழிலாளிக்கும் கண்ணொளி இழந்த தாய்க்கும் இந்நாட்டின் அரசாங்கமும் நீதிமன்றமும் வைத்தியசாலையும் வாக்களிப்பு நிலையமும் அப்படிகளுக்குக் கீழேதான் இருக்கின்றன. படியிறங்க முடியாத குடிமகனுக்குக் குடியுரிமையால் விளையும் பயன் யாது? இவ்வாரம் நாம் எழுப்பும் வினா இதுவே.

சட்டம் இல்லையென்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று கூறும் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, வலது குறைந்தோரின் மேம்பாட்டுக்கெனச் சிறப்பு ஏற்பாடுகள் செய்வதற்கு அச்சமத்துவம் தடையாகாது என்பதையும் தெளிவாக்குகின்றது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வேலைக்குச் சேர்ப்பதிலும் கல்வி நிலையங்களில் அனுமதிப்பதிலும் அவர்களுக்குப் பாகுபாடு காட்டலாகாதென விதித்தது. பொதுக் கட்டடங்களிலும் பொது இடங்களிலும் அவர்கள் புகுவதைத் தடுத்தலும் ஆகாதென்றது. மீறுவோருக்கு எதிராக மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யும் வழியையும் திறந்துவிட்டது. 2006 ஒக்டோபர் 17ஆம் நாள் வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதிகள் சாய்தளம், கைப்பிடி, கதவின் அகலம், மலசலகூடம் ஆகியவற்றை வகுத்துரைத்தன. 2016ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் இலங்கை ஏற்று உறுதி செய்தது. ஏட்டிலே குறையொன்றும் இல்லை!

ஆயினும், ஏட்டுச் சட்டம் தானாக எழுந்து நடந்த வரலாறு எந்நாட்டிலும் இல்லை. 1992ஆம் ஆண்டில் தமது மோட்டார் வண்டிமீது மரம் வீழ்ந்ததனால் நடக்கும் வலுவை இழந்தவர் கலாநிதி அஜித் பெரேரா. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அவர் உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். புதிதாக எழும் பொதுக் கட்டடங்கள் அவ்வொழுங்குவிதிகளுக்கு அமைந்தேயாக வேண்டும் என்ற கட்டளை 2011 ஏப்ரல் 27ஆம் நாள் பிறந்தது. 2020ஆம் ஆண்டில் அவர் காலமாகிவிட்டார். அவருக்குக் கல்வியிருந்தது, தலைநகரின் நீதிமன்றத்தை எட்டும் வாய்ப்பும் இருந்தது. தேயிலை மலையின் உச்சியில், லயத்துக் காம்பராவின் மூலையில், பாயிலே கிடப்பவனுக்கு அவ்விரண்டும் உண்டா? உரிமை மறுக்கப்பட்டதென்று முறையிடுவதற்கே அவன் முதலில் மலையிறங்க வேண்டுமன்றோ?

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 8.7 பேர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றில் ஏதோவொரு இடர்ப்பாடு உடையவர்கள். பிறவியிலேயே குறையுற்றோர் மட்டும் இக்கணக்கில் அடங்கியவர்கள் அல்லர். வழுக்கும் சரிவுகளிலே ஆண்டாண்டாகக் கொழுந்துக் கூடை சுமந்து முழங்கால் தேய்ந்த பெண்களும், தொழிற்சாலை இயந்திரத்துக்கு விரல்களைப் பறிகொடுத்தோரும், நீரிழிவினால் காலை இழந்தோரும் நம்மிடையே இருக்கின்றனர். 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் இழந்த உறுப்புக்கு விலை கணக்கிடுகின்றது. உறுப்பிழந்தவன் மறுநாள் எவ்வழியே நடமாடுவான் என்று அது கேட்பதில்லை.

மலைநாட்டில் இது நடவாத காரியம் என்பாருளர். செங்குத்துச் சரிவில் சாய்தளம் அமைப்பது எங்ஙனம் என்று பொறியியலாளரும், பணம் எங்கே என்று சபைகளும், அது எமது பொறுப்பன்று என்று தோட்ட நிருவாகங்களும் கேட்கக்கூடும். முதல் வினாவில் ஓரளவு நியாயம் உண்டு. மலையைச் சமவெளியாக்கச் சொல்வார் யாருமில்லை. ஆனால் அதே மலையில் கொழுந்து லொறி தொழிற்சாலை வாசல்வரை ஏறுவதற்குப் பாதை வளைந்து வளைந்து அமைந்தது எவ்வாறு? தேயிலைக்கு வழி கண்ட பொறியியல், தேயிலை பறித்தவளுக்கு வழி காண மாட்டாதா?

இரண்டாவது சாக்குக்கும் இன்று இடமில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாயிருந்தது; வாக்களித்த மக்கள் வரப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அத்தடையை நீக்கிவிட்டது. ஆகவே, 2025 மே மாதத் தேர்தலில் நோர்வூட் பிரதேச சபைக்குத் தெரிவானோர், ‘சட்டம் இடந்தராது’ என்று இனிக் கூற இயலாது.

தோட்ட நிருவாகங்களுக்கும் ஒன்று சொல்வோம். 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் அரசாங்கக் கட்டடங்களோடு நின்றுவிடவில்லை. பொதுச் சேவைகள் கிடைக்கும் இடங்களையும் அவை தழுவுகின்றன. தோட்டத்து மருந்தகமும் பிள்ளை மடுவமும் அவ்வகையில் அடங்கும் என்பதே எமது சட்ட அபிப்பிராயம். அதனை மறுப்போர் நீதிமன்றத்தில் மறுக்கட்டும்; தொழிற்சங்கங்கள் வழக்குத் தொடுத்துத் தீர்ப்புப் பெறட்டும்.

உடனடியாகச் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, புதிய வீடுகள். 2017 மே 12ஆம் நாள் இதே நோர்வூட் மைதானத்திலேதான் இந்தியப் பிரதமர் மோடி மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். எவர் பணத்தில் எழும் வீடாயினும், ஒவ்வொரு திட்டத்திலும் வீதியை ஒட்டிய சமதரை வீடுகள் வலது குறைந்தோருள்ள குடும்பங்களுக்கு ஒதுக்கப்படல் வேண்டும். வாசற்படியின்றிக் கட்டுவதற்கு ஆகும் செலவு சிறிது. கட்டியதை இடித்துத் திருத்தும் செலவே பெரிது. இரண்டாவது, பிரதேச செயலகத்தின் பணிகள். இறங்கி வரமுடியாதவரின் விண்ணப்பத்தைப் பெறவும் கொடுப்பனவை வழங்கவும் உத்தியோகத்தர் மலையேறட்டும். தமிழிலேயே பேசி எழுதட்டும். மூன்றாவது, வாக்கு. 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலது குறைந்த வாக்காளர் துணையொருவரை அழைத்துச் செல்ல அனுமதித்தது. வாக்களிப்பு நிலையம்வரை செல்லும் பாதையைச் செப்பனிடாமல் துணையை மட்டும் அனுமதிப்பது, பாலமின்றி ஆற்றைக் கடக்க விடைகொடுப்பது போலாகும்.

பிறரைக் குறைகூறுமுன் நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் கட்சிகளின் காரியாலயங்களும் தொழிற்சங்கப் பணிமனைகளும் எத்தனை படிகளுக்கு மேலே இருக்கின்றன? மே தினத்தன்று நாம் கூட்டும் பேரணியில் ஊன்றுகோலுடன் வருபவருக்கு இடமுண்டா? சம்பளப் பேச்சு மேசையில் நாட்கூலிக்காகப் போராடும் நாம், ஒரு கைப்பிடிக் கம்பிக்காக ஒருமுறையேனும் வாய் திறந்தோமா? இல்லையெனின், அப்பழியில் நமக்கும் பங்குண்டு.

1948ஆம் ஆண்டில் பறிக்கப்பட்ட குடியுரிமையை மீட்பதற்கு இம்மக்கள் 2003ஆம் ஆண்டுவரை போராட வேண்டியிருந்தது. அவ்வாறு மீட்ட உரிமை லயத்து வாசலோடு நின்றுவிடலாகாது. நோர்வூட் பிரதேச சபை தன் வாசலிலேயே தொடங்கட்டும். தன் கட்டடத்தையும் சந்தையையும் பொது மலசலகூடங்களையும், வலது குறைந்தோரையே உடன் அழைத்துச் சென்று பரிசோதித்து, காணும் குறைகளைப் பகிரங்கப்படுத்தட்டும். அவற்றை நீக்கும் தவணையையும் அறிவிக்கட்டும். அத்தவணையை நாம் நினைவில் வைத்திருப்போம்; தவறினால் நீதிமன்றத்திலும் மக்கள் மன்றத்திலும் கேட்போம்.