சென்னையா, மங்களூரா? ஓடும் மாணவர் கேட்க வேண்டியது வேறு!

பிளஸ் டூ முடித்த தடகள மாணவர் முன்னால் இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்கள்: சென்னை, மங்களூர். அகில இந்திய பல்கலைக்கழகத் தடகளத்தில் மங்களூர் பலமுறை சாம்பியன். அப்புறம் என்ன யோசனை?

யோசிக்கணும். பல்கலைக்கழகத்தின் பெயர் ஜெர்சியில்தான் இருக்கும். இளங்கலை மாணவர் தினமும் காலையில் ஓடப்போவது, அதன்கீழ் வரும் கல்லூரி ஒன்றின் பயிற்சியாளரிடம். மங்களூர் வென்ற பதக்கங்களில் பெரும்பங்கு மூடுபிதிரியின் ஆள்வாஸ் கல்லூரி மாணவர்களுடையது. தேர்வாகும் வீரர்களுக்குப் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாமே அங்கே இலவசம். அந்த இடம் கிடைக்காமல் அதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு கல்லூரியில் சேர்ந்தால், சாம்பியன் பட்டத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. சென்னையிலும் இதே கதைதான். கல்லூரிக்குக் கல்லூரி நிலைமை மாறும்.

எனவே கேள்விகள் கல்லூரிக்குத்தான். 800 மீட்டர் ஓடுபவருக்கு அந்தத் தூரம் தெரிந்த கோச் இருக்கிறாரா? சிந்தெடிக் டிராக் எவ்வளவு தூரத்தில்? போட்டி நாள்களுக்கு அட்டெண்டன்ஸ் கிடைக்குமா? முக்கியமாக, தொடைத்தசை கிழிந்து ஒரு சீசன் போய்விட்டால் கட்டணச் சலுகை தொடருமா? சீட் கிடைத்த சந்தோஷத்தில் வீட்டில் இதை மட்டும் கேட்க மாட்டார்கள். கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடணும். மூன்றாம் செமஸ்டரில் கல்லூரி மாறுவது லேசான காரியம் இல்லை.