பெயர் மட்டும் போதுமா? பயிரும் வேண்டும்!

மிளகாய் காரமானது, அதன் வரலாறு அதனினும் காரமானது!

அமெரிக்கக் கண்டத்திலே பிறந்து, போர்ச்சுகீசியர் கப்பலேறி நம் கரை சேர்ந்த பயிர் அது. அந்தக் கண்டத்திலே, அடக்கி வைக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டம் போற்றி வளர்த்த மிளகாய் இனமொன்று அழியும் நிலைக்குப் போய் மீண்டிருக்கிறது. அந்தக் கதையை நம் உழவர் பெருமக்கள் அறிதல் நன்று.

மீன் மிளகாய் என்பது அதன் பெயர். 19-ஆம் நூற்றாண்டிலே, பால்டிமோர், வாஷிங்டன் வட்டாரத்துக் கறுப்பின மக்கள் தோட்டங்களிலே வளர்த்தனர். இலையிலே வெண்மையும் பசுமையும் திட்டுத் திட்டாய், காயிலே பால் நிறமும் பச்சைக் கோடும், பழுத்தால் சிவப்பு! வெளிறிய காயை மீனுக்கும் சிப்பிக்கும் ஊற்றும் வெண்குழம்பிலே சேர்ப்பார்கள். நிறம் கெடாது, காரம் மட்டும் இறங்கும். வாய்மொழியாக வந்த பக்குவம் இது, ஏட்டிலே ஏறவில்லை. ஏட்டிலே ஏறாத எளியோர் உடைமை எளிதிலே மறைவதுதானே உலக வழக்கம்! மீன் மிளகாயும் மறையத் தொடங்கிற்று.

காத்தவர் யார்? அரசா? பல்கலைக் கழகமா? விதை வணிகரா? இல்லை! ஹோரேஸ் பிப்பின் என்ற கறுப்பின ஓவியர்! 1918-இல் பிரெஞ்சுப் போர்முனையிலே தோளிலே குண்டடி பட்டவர். வலக்கையை இடக்கையால் தாங்கி ஓவியம் தீட்டியவர். வலி தணியத் தேனீயைக் கொட்டவிட்டுக் கொள்ளும் வைத்தியத்தை நாடினார். தேனீ வளர்த்த ரால்ஃப் வீவரிடம் தேனீ பெற்றார். கைம்மாறாக விதைகள் தந்தார். அவற்றுள் ஒன்று மீன் மிளகாய்.

பிப்பின் 1946-இல் மறைந்தார். வீவரும் மறைந்தார். உறைபெட்டியிலே கிடந்த விதைப் புட்டியைப் பேரர் வில்லியம் வாய்ஸ் வீவர் கண்டெடுத்தார். 1995-இல் விதை சேமிப்போர் பரிமாற்றக் கழகத்தின் வாயிலாகப் பிறருக்கும் கிடைக்கச் செய்தார். பால்டிமோர் உணவகங்களிலே அந்தக் காரம் மீண்டும் மணக்கிறது!

புட்டியிலே கிடந்தபோது அது வெறும் நினைவுச் சின்னம். மண்ணிலே விழுந்த பிறகுதான் பயிர்! விதைத்தாலும் விழிப்பு வேண்டும். பக்கத்துப் பாத்தியிலே வேறு மிளகாய் இருந்தால், தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். எந்தத் தேனீக்காக விதை கைமாறியதோ, அதே தேனீ இனத்தைக் கெடுக்கவும் கூடும்! ஆகவே தள்ளி நட வேண்டும், அல்லது வலை கட்ட வேண்டும். குணம் குன்றாத செடியைத் தேர்ந்து, நன்கு பழுத்த பழத்திலே விதை எடுக்க வேண்டும். ஆண்டுதோறும் உழைப்பு, ஆண்டுதோறும் செலவு.

இந்தச் செலவை யார் ஏற்பது? இங்குதான் நம் நாட்டுக் கேள்வி எழுகிறது.

இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ந்தோம், வரவேற்றோம்! ஆனால் குறியீடு காப்பது பெயரை, விதையை அல்ல. 2001-ஆம் ஆண்டுச் சட்டம், விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், மாற்றிக் கொள்ளவும், வணிக முத்திரை இன்றி விற்கவும் உழவனுக்கு உரிமை தந்திருக்கிறது. நல்ல சட்டம்! ஆயினும், வானத்தை நம்பி முண்டு விதைப்பவன், விலை சரிந்த ஆண்டிலே வேறு பயிருக்கு மாறினால், அந்த உரிமை எதைச் சேமிக்கும்?

"ஆராய்ச்சி நிலையக் குளிர் அறையிலே விதை இருக்கிறதே" என்பர் சிலர். இருக்கட்டும். உழவன் கையிலே இருக்கிறதா என்பதே நம் கேள்வி.

ஊருக்கொரு தூய விதைப் பாத்தி வேண்டும். அதைக் காப்பவனுக்கு ஊதியம் வேண்டும். எடுத்த விதையை நியாய விலைக்கு வாங்க ஏற்பாடு வேண்டும். விதை காப்பது அறப்பணிதான். அதற்காக அதை ஏழை உழவன் பட்டினி கிடந்து செய்ய வேண்டுமென்பது அறமாகாது!

பிப்பினுக்கு ஒரு வீவர் வாய்த்தார், அது தற்செயல். நம் விதைகளைத் தற்செயலின் கையிலே விடலாமா? பெயரைக் காத்தோம், பயிரைக் காப்போம்!