எழுந்து நின்றுவிட்டாரே என்று விட்டுவிடாதீர்கள்



தமிழக-கேரள வாளையார் எல்லையைக் கடக்கும் நெடுஞ்சாலையில் பைக்கிலிருந்து விழுகிறவர் பல நேரம் சட்டையைத் தட்டிக்கொண்டு தானாகவே எழுந்துவிடுவார். "ஒண்ணுமில்லண்ணே, லேசாத் தலையில இடிச்சிடுச்சு" என்பார். யாராவது சோடா வாங்கித் தருவார்கள். ரத்தம் இல்லை, வண்டியும் ஸ்டார்ட் ஆகிறது. கிளம்பிவிடுவார். அவரை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

தலையில் பட்ட ஊமையடி அந்த நொடியோடு முடிவதில்லை. மண்டைக்குள் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் சேதம் தொடரும். அதில் ஒரு பங்கு மூளையின் சொந்த நொதிகளுடையது. நரம்பணுவின் சவ்வு குலைந்ததும் கால்சியம் உள்ளே பாய்கிறது. அதுவரை அடங்கிக் கிடந்த கால்பெயின் என்ற நொதி முடுக்கிவிடப்பட்டு, அணுவைத் தாங்கி நிற்கும் ஸ்பெக்ட்ரின் புரதத்தை வெட்டத் தொடங்குகிறது. சோடியத்தை வெளியேற்றும் நொதியோ சோர்ந்துபோகிறது. அணு நீர் கோத்து வீங்குகிறது. மண்டையோட்டுக்குள் வீங்குவதற்கு இடம் ஏது?

ரத்தக் கசிவை அடைத்து நிற்கும் உறைவைக் கரைப்பதும் ஒரு நொதிதான், பிளாஸ்மின். அது உருவாகாமல் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தை 1962-ல் உலகுக்குத் தந்தவர்கள் ஜப்பானின் உடாகோ ஒகாமோட்டோவும் அவர் கணவரும். மாதவிடாயில் உதிரம் அதிகம் போனால் நம் வீட்டுப் பெண்களுக்கு எழுதித் தருகிறார்களே, அதே மருந்து. 12,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற கிராஷ்-3 ஆய்வு 2019-ல் வெளியானது. காயம் லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தவர்களுக்கு 3 மணி நேரத்துக்குள் இந்த மருந்தை ஊசிவழி செலுத்தியபோது, தலைக்காயத்தால் நேரும் சாவு குறைந்தது. தாமதிக்கத் தாமதிக்கப் பலனும் குறைந்தது. கொடுக்கலாமா என்பதை ஸ்கேன் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்வார். கடையில் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

மருத்துவமனைக்கு உடனே போவதும் கடினமில்லை: வாளையாரிலிருந்து கோவையும் பாலக்காடும் ஏறத்தாழ 25 கிலோமீட்டர்தான். எந்த மாநிலத்துக் கேஸ் என்ற யோசனையே வேண்டாம், 108 இரண்டு பக்கமும் வரும். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், தமிழக எல்லைக்குள் அடிபட்டவர் கேரளத்துக்காரரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். கொண்டுபோய்ச் சேர்ப்பவர் தன் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் அந்தப் பாதுகாப்பைத் தருகிறது.

மருத்துவர் பார்த்து அனுப்பிவிட்டாலும் அன்று ராத்திரி அவரைத் தனியே படுக்கவிடாதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சில் குழறல், எழுப்பினால் எழாத தூக்கம் என்று எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மறுபடி அழைத்துப் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்