கர்ப்பிணிக்குக் காமாலையா? கீழாநெல்லிக்குக் காத்திராதீர்!



கீழாநெல்லிக்கு நான் விரோதி இல்லை. ஆனால் வாயும் வயிறுமாக இருக்கும் பெண்ணுக்குக் கண் மஞ்சளானதும், ‘மூணு நாள் சாறு குடிக்கட்டும், அப்புறம் பார்ப்போம்’ என்று லயத்திலேயே வைத்திருக்கிறார்களே, அதைத்தான் கண்டிக்கிறேன்.

தண்ணீரால் பரவும் காமாலையில் ‘இ’ வகை ஒன்று. 1955-56இல் டில்லியில் குடிநீரில் சாக்கடை கலந்து சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அது இந்த வகை என்பது பல வருஷம் கழித்தே தெரிந்தது.

இக்கிருமி ஈரல் செல்லுக்குள் புகுந்து, அதைக்கொண்டே தனக்கு மூன்று புரதங்கள் செய்துகொள்கிறது. ஒன்று கிருமியை நகலெடுக்கும். அடுத்தது நகலுக்கு மேலோடு போடும். மூன்றாவது சின்னஞ்சிறியது, அது இல்லாவிட்டால் புதுக் கிருமி செல்லை விட்டு வெளியேறாது. மேலோட்டுப் புரதத்தில் ஒரு பங்கு தனியே ரத்தத்தில் கலந்துவிடும். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதோடு மல்லுக்கட்டும் நேரத்தில் அசல் கிருமி தப்பிக்கும். கள்ளன் ஏய்க்கிற விதத்தைப் பாருங்கள்! கிருமியைவிட, அதை ஒழிக்க உடம்பு நடத்தும் சண்டையில்தான் ஈரல் அதிகம் புண்படுகிறது என்கிறார்கள் டாக்டர்கள்.

பெரும்பாலோர்க்குத் தானே குணமாகும். கடைசி மூன்று மாதக் கர்ப்பிணிகளிலோ நூற்றுக்கு 20, 25 பேர் வரை சாகலாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். காட்டுப்பன்றி ஈரலை அரைவேக்காட்டில் தின்பவர்களே, அதிலும் இக்கிருமி இருக்கலாம்.

தண்ணீர்த் தொட்டி மூடியில்லாமல் கிடந்தால் கமிட்டி நிர்வாகத்திடம் கேட்கட்டும். சாட்சி சொல்ல நான் வருகிறேன்.